கொல்லிமலையில் நித்திலனின் நேரம்

ரெஜினாவிடம் சைக்கிளில் மலையேறப் பழக வந்தவர்களில், குருவைவிட வயதில் மூத்தவர் செங்கோடன் ஒருவர்தான். நாமக்கல்லில் கோழித் தீவனக் கடை வைத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இறந்துபோன மகனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரெஜினாவிடம் வந்து நின்றார்.

மகன் நித்திலனும் ரெஜினாவின் மாணவன்தான். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறி முடித்தவன். அந்த வருடத்து மழைக்காலத்திலேயே டெங்குக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

"அவன் ஏறின நேரத்துல நானும் ஒருக்கா ஏறிடணுங்க மேடம்."

ரெஜினா ஏன் என்று கேட்கவில்லை. சீட்டின் உயரத்தை மட்டும் குறைத்துக் கொடுத்தார். நித்திலன் அப்பாவைவிட நெட்டை.

ஞாயிறுதோறும் செங்கோடன் மலையேறினார். அடிவாரத்தில் கைக்கடிகாரத்தை அழுத்துவார். உச்சியிலிருக்கும் சோளக்காடு ஊருக்குப் போய் நிறுத்துவார். முதலில் நேரம் மளமளவென்று குறைந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. அப்புறம் இரண்டு மணி நேரத்தில் வந்து நின்றுகொண்டது. என்ன மிதித்தும் அதற்குக் கீழே இறங்கவில்லை. வாயைக் கட்டினார். உடம்பு இளைத்தது, நேரம் இளைக்கவில்லை. கடையில் மூட்டை தூக்கும்போது தலை சுற்றியது.

ஒரு ஞாயிறு, காரவள்ளியில் கேட்டே விட்டார்.

"நான் அவனை எப்பத்தானுங்க எட்டுவேன்?"

ரெஜினா ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார்.

"இன்னைக்கு அவன் வேகத்துல நான் ஏறுறேண்ணா. நீங்க பின்னால வாங்க."

முதல் வளைவுவரை செங்கோடன் ஒட்டிக்கொண்டே போனார். மூன்றாவது வளைவில் திரும்பியபோது முன்னால் யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே சங்கிலிச் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தார். மேல் சாலையில், இவர் போகும் திசைக்கு நேர் எதிராக, ரெஜினாவின் மஞ்சள் சட்டை மரங்களுக்கு நடுவே ஓடி மறைந்தது. இத்தனை நாளும் அவர் கடிகாரத்தைத்தான் பார்த்திருந்தார். மகன் எவ்வளவு தூரத்தில் போய்க்கொண்டிருந்தான் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டார்.

"நில்லு சாமி!" என்று மகனைக் கூப்பிடுவதுபோல் கத்திவிட்டார். "நில்லு!"

சத்தம் இன்னும் மேலே போய்த் தேய்ந்தது. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். தொடை பிடித்துக்கொண்டது. சைக்கிளைச் சாலையோரச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். குரங்குகள் இரண்டு பக்கத்தில் வந்து பார்த்தன. தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டன. யாருமில்லாத அந்த வளைவில் வாய்விட்டு அழுதார்.

வெகுநேரம் கழித்து ரெஜினா மேலிருந்து இறங்கி வந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். செங்கோடன் வாங்கினார், குடிக்கவில்லை.

"இவ்வளவு வேகமாவா போனான்?"

"ஆமாண்ணா."

"மூணாவது வளைவுலயே உங்களைக் காணோமுங்க."

"ஆமா."

ஒரு லாரி கீழ் கியரில் முனகிக்கொண்டு அவர்களைக் கடந்து போனது. அது போகும்வரை செங்கோடன் காத்திருந்தார்.

"அவன் உசுரோட இருந்து, நானும் இப்படிப் பழகி, ஒருநாள் கூட வந்திருந்தா... அன்னைக்கும் என்னை விட்டுட்டுத்தானே போயிருப்பான்?"

ரெஜினா தம் சைக்கிளை மலையைப் பார்த்துத் திருப்பினார். செங்கோடனின் சைக்கிளுக்குப் பக்கத்தில், முன்சக்கரத்தோடு முன்சக்கரம் ஒட்ட நிறுத்தினார்.

"இல்லைண்ணா. அன்னைக்கு அவன் உங்க நேரத்துல ஏறியிருப்பான்."