ராஜா தாடி வளர்த்த கதை

ஒரு காலத்தில் கொன்றைநாடு என்றொரு சீமை இருந்தது. அதை ஆண்ட வீரமுடி ராஜா புலியோடும் மல்லுக்கு நிற்பார்; ஆனால் காதருகே வந்து யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அந்தக் காதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பிரபு காளிங்கராயர்.

"எதிரி அரசன் நம்ம நாவிதன் சுடலையை விலைக்கு வாங்கிட்டான் மகாராஜா. தினமும் உங்க கழுத்துகிட்ட கத்தி பிடிக்கிறவன் அவன்!" என்று ராயர் ஓதினார். அவ்வளவுதான், சுடலை சிறைக்குப் போனான். அரண்மனை நாவிதருக்கான மானிய நிலத்தைத் தன் ஆளுக்கு வாங்கித் தர ராயர் அலைந்துகொண்டிருந்தது ராஜாவுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து ராஜா கத்தியோடு எவரையும் அண்டவிடவில்லை. தாடி நெஞ்சுவரை இறங்கியது. சாப்பாட்டில் பாதி வாய்க்கு, பாதி தாடிக்கு. ராஜா வளர்த்தால் சபை சும்மா இருக்குமா? ராயரும் வளர்த்தார், மற்றவர்களும் வளர்த்தார்கள். கொலுமண்டபத்தில் எந்நேரமும் சொறிகிற சத்தம்தான்.

மந்திரி நல்லுருத்திரருக்கு மட்டும் நிம்மதியில்லை. சுடலையை வேலைக்குச் சேர்த்தவரே அவர்தான். ஒருநாள், அன்று மாலையே அவனைக் கழுவேற்ற உத்தரவாகிவிட்டது. அவன் குற்றமற்றவன் என்று மந்திரிக்குத் தெரியும். கையில் ஆதாரம்தான் இல்லை. தவிப்போடு ராயரைப் பார்த்தார். ராயர் தாடையைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்துகொண்டிருந்தார். மந்திரிக்கு ஒரு யோசனை பிறந்தது.

"மகாராஜா, கொலைகாரன் கத்தி பிடிச்சா கை நடுங்கும். கடைசியா ஒரு சவரம் பண்ணச் சொல்லிப் பாப்போம்."

"யாருக்கு?" என்று கழுத்தைப் பொத்திக்கொண்டார் ராஜா.

"நான் உட்காந்தா, வேண்டப்பட்டவன்னு சொல்வாங்க. ராயர் உட்காரட்டும். அவருக்குப் பயமா இருந்தா வேண்டாம், பாவம்..."

"எனக்கா பயம்? போர்க்களம் பாத்த கழுத்துய்யா இது!" என்று ராயர் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சுடலையைக் கொண்டுவந்தார்கள். வெந்நீர் தடவினான், பின்னங்கழுத்தை இதமாகப் பிடித்துவிட்டான், ஒரு பக்கக் கன்னத்தையும் பாதி மீசையையும் வழித்தான். நாள்பட்ட அரிப்பு அடங்கிய சுகத்தில் ராயருக்குக் கண் சொருகியது. தலையை அவன் கையிலேயே சாய்த்து, வாயைப் பிளந்து குறட்டைவிட ஆரம்பித்தார்.

மந்திரி கைகாட்டிச் சவரத்தை நிறுத்தினார். "கேக்குதா மகாராஜா? கொலைகாரன்னு சொன்னவரே அவன் கத்திக்கடியில குறட்டை விடுறார். சொன்னதை அவரே நம்பியிருந்தா தூக்கம் வருமா?"

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. "எழுப்புங்கடா அந்த மனுஷனை!" என்று கத்தினார். திடுக்கிட்டு விழித்த ராயர் ராஜாவின் கண்ணைப் பார்த்ததும், மானிய நிலத்துக்காகக் கட்டிய பொய்தான் அது என்று உளறிக்கொட்டிவிட்டார்.

"இந்த அரைமுகத்தோடயே தினமும் சபைக்கு வாரும். உம்ம பேச்சைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கணும்" என்றார் ராஜா. பிறகு தயங்கியபடி நாவிதனிடம் திரும்பினார். "சுடலை, உன்னைக் கழுவுக்கு அனுப்பின கழுத்து உன் கையில இருந்துச்சே. ஒண்ணுமே தோணலையா?"

"தோணாம இருக்குமா மகாராஜா? நல்லாவே தோணுச்சு. என்ன செய்ய, நம்பித் தூங்கிட்டாரே!"

ராஜா கிரீடத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்துவிட்டு, பலகையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டினார்.