எல்மா ரேயின் குரல் உடைந்த இடம்

பெரம்பூரில் எல்மா ரேயைச் சவரிமுத்து அளவுக்குக் கேட்டவர்கள் யாரும் கிடையாது. அறுபதுகளில் அமெரிக்காவில் சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகள் பாடிப் பெயர் வாங்கிய கறுப்பினப் பாடகி அவள். அவளுடைய நூற்றுப் பதினான்கு பதிவுகளும் அவரிடம் இருந்தன. எந்த வரியில் எங்கே மூச்சு வாங்குகிறாள் என்பதுவரை நோட்டில் குறித்து வைத்திருந்தார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வெல்டராக இருந்த மனுஷர். எதையும் அரைகுறையாகச் செய்ய வராது.

அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த லோரெட்டாவுக்கு வயது இருபத்தொன்பது. மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவள். வாய் கொஞ்சம் துடுக்கு.

வரும் ஞாயிறு அவர் மனைவி பிலோமினாவின் முதலாம் ஆண்டு நினைவு. பூசை முடிந்து எல்லாரும் கூடத்தில் சாப்பிட உட்காருமுன், அவளுக்குப் பிடித்த எல்மா ரே பாட்டைப் பாடிவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். அடக்கத்தன்று யார் யாரோ பேசினார்கள். அவருக்கு மட்டும் வாய் வரவில்லை. அந்தக் குறை வருடம் முழுக்க அவரை அரித்துக்கொண்டிருந்தது.

“மிஸ், நேத்து என் பொண்ணுக்குப் பாடிக் காட்டினேன். ‘நல்லா இருக்குப்பா’ன்னு சொல்லிட்டு போனை எடுத்துட்டா. எல்லாம் சரியாத்தானே பாடறேன்? ஏன் யாருக்கும் ஒண்ணும் ஆகமாட்டேங்குது?”

“பாடுங்க சார்.”

பாடினார். கடைசி வரியில், ‘போகாதே’ என்று பொருள்படும் ஒரு சொல்லில் எல்மா ரேயின் குரல் உடையும். உலகமே கேட்டுக் கண்கலங்கிய இடம். சவரிமுத்துவின் குரலும் சரியாக அங்கேயே உடைந்தது.

“இன்னொரு தடவை.”

அதே சொல்லில், அதே அளவுக்கு உடைந்தது.

“இன்னொரு தடவை.”

மயிரிழை பிசகவில்லை.

“அந்த இடத்துல உங்களுக்கு அழுகை வந்துச்சா சார்?”

“எங்க மிஸ்! கரெக்டா உடையணுமேன்னு அதுலதானே கவனமா இருந்தேன். ஆறு மாசப் பழக்கம்.” அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“இந்தப் பாட்டைப் பதிவு பண்ணின அன்னைக்கு ஓடின முழு டேப்பும் பின்னாடி வெளியிட்டாங்களே, அது உங்ககிட்ட இருக்கா?”

“இருக்கு. அது ஒண்ணைத்தான் கேக்கல. வேணாம்னு கழிச்சதைக் கேட்டு என்ன பண்றது?”

லோரெட்டா அதை அவர் போனில் தேடியெடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

எல்மா ரே அந்தப் பாட்டை நான்கு முறை பாடினாள். நான்கிலும் குரல் உடையவில்லை. ஐந்தாவது முறை உடைந்தது. கம்பெனி வெளியிட்டது அதைத்தான். சவரிமுத்து மனப்பாடம் செய்ததும் அதைத்தான். ஆனால் டேப் நிற்காமல் ஓடியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு எல்மா ரே பேசினாள்.

“மன்னிச்சுக்குங்க, கெடுத்துட்டேன். திரும்பப் பாடிடறேன்” என்று அதற்கு அர்த்தம்.

ஆறாவது முறை ஒரு பிசிறு இல்லாமல் பாடி முடித்தாள்.

சவரிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப அவங்க வேணும்னு உடைக்கலையா மிஸ்?”

“கேட்டீங்கல்ல? உடையாமப் பாடத்தான் பாத்திருக்காங்க. ஆறு தடவையும்.”

இத்தனை நாளும் பாடும்போது பிலோமினாவை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்ணட்டும்?”

“உடையாமப் பாடப் பாருங்க.”

“பிலோமி போட்டோவை முன்னாடி வச்சிருப்பாங்க மிஸ். என்னால முடியலேன்னா?”

“முடியாது சார்” என்றாள் லோரெட்டா. “இருந்தாலும் பாருங்க.”