இது யார் மூக்கு?

வெஸ்ட்ரோனியா நாட்டில் மலை உண்டு, பனி உண்டு, ஆப்பிள் தோட்டம் உண்டு. நியாயம் மட்டும் கிடையாது. அண்ணன் தம்பி இரண்டு பிரபுக்கள் அதை ஆண்டார்கள். ஆண்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மென்றார்கள்.

அவர்கள் போட்ட சட்டங்களில் ஒன்று ரொட்டியைப் பற்றியது. நாட்டில் வேகும் ஒவ்வொரு ரொட்டியின் நடுவிலும் இரண்டு பிரபுக்களின் முகமும் முத்திரையாக இருக்க வேண்டும். அந்த முகத்தில் கத்தி படக்கூடாது, பல் படக்கூடாது. ஓரத்தைத் தின்றுவிட்டு நடுத்துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது கோட்டைக் குதிரைகளுக்குப் போகும். குதிரைகள் கொழுகொழுவென்று இருந்தன. ஜனங்கள் ஓரத்தைத் தின்று தின்று ஓரமாகவே ஆகிவிட்டார்கள்.

ஏழு வயது லீனா பசி தாளாமல் இளைய பிரபுவின் மூக்கைக் கடித்துவிட்டாள். அன்றே சிப்பாய்கள் வந்து அவளைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

அவளுடைய அப்பா கஸ்பார். கல்லுடைத்துக்கொண்டிருந்தவன், நாற்பது வயதில் ரொட்டிக்கடைக்கு வந்து தொழில் பழகினான். கடைக்காரி உர்சுலா அவனைவிட ஆறு வயது இளையவள். ஆனாலும் "குருவே" என்றுதான் கூப்பிடுவான். ரொட்டியின் முதுகைத் தட்டி, சத்தத்தை வைத்தே வயிறு வெந்ததா என்று சொல்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது?

மகள் போன பன்னிரண்டாம் நாள் காலை, அவன் மாவுத் தொட்டியை உதைத்தான்.

"குருவே, கொடுங்கோலனை எப்படி ஒழிக்கிறது?"

"மாவைப் பிசை."

"நான் கேட்டது காதுல விழுந்ததா?"

"விழுந்தது. தண்ணி போதலை. இன்னும் ஒரு கை ஊத்து."

"இருபது வருஷமா உங்க கைதான் அவனுங்க மூஞ்சியைக் குத்துது. வெட்கமா இல்லையா?"

உர்சுலா தானே ஒரு கை தண்ணீர் ஊற்றினாள். அவன் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"எலிப் பாஷாணம். நாளைக்குப் பிரபுக்கள் முடிசூட்டிக்கிட்ட நாள், விழா. கோட்டைக்கும் சந்தைக்கும் நம்ம ரொட்டிதான் போகுது. கோட்டை ரொட்டில இதைக் கலக்கப் போறேன்."

"கோட்டையில முதல் துண்டை யார் தின்னு பார்ப்பாங்க, தெரியுமா?"

"எவனாவது சேவகன். தொலையட்டும்."

"போன மாசம் வரைக்கும் சேவகன். இப்போ மூக்கைக் கடிச்ச பிள்ளைங்க. கோட்டைக்கு ரொட்டி ஏத்துற வண்டிக்காரன் நேத்துத்தான் சொன்னான்."

கஸ்பார் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். குழி தோண்டிப் புதைத்தான். ஒரு முழம் போதும். அவன் இடுப்பளவு தோண்டினான்.

திரும்பி வந்தபோது உர்சுலா ரொட்டிகளை உருட்டி அடுக்கிவிட்டு, பச்சை மாவில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க? மாவு பொங்கின பிறகுதானே குத்தணும்?"

"இப்பவே குத்தினா?"

"பொங்கிப் பொங்கி முகமெல்லாம் கோணிக்கும். நான் சேர்ந்த முதல் நாள் இப்படித்தான் குத்தினேன். அகப்பையாலயே அடிச்சீங்களே!"

"ஆமா. தப்புதான்" என்றாள் உர்சுலா. இன்னொரு முத்திரையை அவனிடம் நீட்டினாள். "நீயும் குத்து."

மறுநாள் சந்தையில் வீட்டுக்கொரு ரொட்டி கொடுத்தார்கள். மூத்த பிரபுவின் கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. இளையவரின் மூக்கு வெடித்துக் காதுவரை ஓடியிருந்தது. ஒரு கண்ணைக் காணோம்.

தளபதி உர்சுலாவிடம் வந்தார்.

"என்னடி இது?"

"ரொட்டி, ஐயா."

"இது யார் மூக்கு?"

"நீங்களே சொல்லுங்க. பிரபு மூக்குதான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. விலங்கை நானே மாட்டிக்கிறேன்."

தளபதி ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தான்.

"இது... பிரபு இல்லை."

"வேற யாரு?"

"யாரும் இல்லை!"

கஸ்பார் ஒரு ரொட்டியை எடுத்து நட்டநடுவில் கடித்தான். சந்தையே அவன் வாயைப் பார்த்தது. பிறகு முந்நூறு வாய்கள் கடித்தன.

அவன் மென்றுகொண்டே கேட்டான்.

"என் மக கடிச்சது யார் மூக்குங்க?"

"அது சரியான முத்திரை. பிரபுவின் மூக்கேதான்."

"அந்த ரொட்டியைக் காட்டுங்க."

"குதிரை தின்றுவிட்டது."

"மூக்கோடயா?"

தளபதி தலையை ஆட்டினார்.

"அப்போ குதிரையை எந்த அறையில அடைச்சிருக்கீங்க?"

சிலர் கொல்லென்று சிரித்தார்கள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. முந்நூறு பேரும் கையில் ரொட்டியோடு கோட்டையைப் பார்த்து நடந்தார்கள். கஸ்பார் முன்னால் போனான்.

சாயங்காலத்துக்குள் கோட்டையின் பின்கதவு திறந்தது. பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகள் பன்னிரண்டு. வெளியே வந்தது பதினொன்று. கொல்லன் மகன் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கதவை மூடிய பிறகும் கொல்லன் அங்கேயே நின்றான்.

கஸ்பார் லீனாவைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். மாவு மூட்டையில் பாதிகூட இல்லை அவள் கனம். உர்சுலா மறுநாளைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"மக வந்துட்டா, குருவே. கோபம் போகலை. கொல்லன் முகத்தைப் பார்த்த பிறகு இன்னும் பொங்குது. இதை நான் என்ன செய்ய?"

உர்சுலா மாவை உருட்டி, பொங்குவதற்காகத் தொட்டியில் போட்டாள்.

"அதை யார் போகச் சொன்னது? ஈரத்துணி போட்டு மூடி வை."