தளர்ந்து கொடுத்த பெல்ட்

தூத்துக்குடியில் ஒரு பெல்ட் இருந்தது. நல்ல கெட்டித் தோல். தண்ணீர் லாரி ஓட்டும் வேதமுத்துவுக்கு, கல்யாணமான புதிதில் அவன் மனைவி எஸ்தர் வாங்கித் தந்தது. அப்போது அவன் இடுப்புக்கு இருப்பதிலேயே இறுக்கமான துளைதான் சரியாக இருந்தது.

பிறகு வேதமுத்து குடிக்க ஆரம்பித்தான். முதலில் சம்பள நாளில், அப்புறம் சனிக்கிழமைதோறும், அதற்கப்புறம் காரணமே தேவைப்படவில்லை. வயிறு முன்னால் வந்தது. பெல்ட் ஒரு துளை தளர்ந்து கொடுத்தது. பிறகு இன்னொன்று. துளைகள் தீர்ந்ததும், செருப்புத் தைப்பவர் ஊசியால் குத்திப் புதுத் துளை போட்டார். அதையும் பெல்ட் பொறுத்துக்கொண்டது.

"என்னைப்போல ஒரு சிநேகிதன் இவனுக்கு உண்டா? ஒருநாளாவது மாட்டேன் என்று சொல்லியிருப்பேனா?" என்று அதற்கு ஒரே பெருமை.

ஒருநாள் லாரியிலிருந்து இறங்கும்போது தலை சுற்றவே, வேதமுத்து டாக்டரிடம் போனான். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்தார்கள். பட்டை அவன் கையை நெரித்துப் பிடித்தது.

"அய்யோ, பாவம்! கொஞ்சம் தளர்ந்து கொடேன்" என்றது பெல்ட்.

"தளர்ந்தால் உண்மை எப்படித் தெரியும்?" என்றது பட்டை. "உள்ளே ரத்தம் முட்டி மோதுகிறது. இவன் குடித்த குடியும், உன்மேல் வழிகிற இந்த வயிறும் சேர்ந்து செய்த வேலை. கூடவே இருந்தாயே, நீ என்ன செய்தாய்?"

"அவனுக்கு மூச்சு முட்டியபோதெல்லாம் தளர்ந்தேன்."

"நன்றாகத்தான் செய்திருக்கிறாய்."

"குடியை நிறுத்துங்க. எடையும் குறையும், பிரஷரும் இறங்கும். இல்லேன்னா பக்கவாதத்துல கொண்டுபோய் விட்டுரும்" என்றார் டாக்டர்.

வேதமுத்து பெரிதாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் எஸ்தர்மேல் பாய்ந்தான்.

"ஒன் சோறும் கொழம்பும்தான் எனக்கு எமன். இனி ராத்திரி சோறு கெடையாது. கொழம்புல உப்பும் போடாத."

அவளும் உப்பில்லாமல் ஆக்கினாள். பிள்ளைகளும் அதையே தின்றார்கள். அவனோ, சோற்றைக் குறைத்துவிட்ட தைரியத்தில் கடைக்குப் போய், கறி வறுவலும் ஊறுகாயுமாக இன்னொரு குவார்ட்டர் சேர்த்துக் குடித்தான். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

"பட்டினி கெடந்தும் வயிறு கொறையலியே" என்று அலுத்துக்கொண்டான். பெல்ட்டில் இன்னொரு துளை விழுந்தது.

"அந்த பெல்ட்ட ஒரு தடவ பாருங்க. ஒடம்பெல்லாம் ஓட்டை" என்று எஸ்தர் அழுதாள். அவன் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம், லாரிக்குத் தண்ணீர் பிடிக்கும் இடத்திலேயே சரிந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் பெல்ட்டை அவிழ்த்து எஸ்தர் கையில் கொடுத்தார்கள். பட்டை அவன் கையில் ஏறியது.

"பாசத்தில்தானே செய்தேன்!" என்று பெல்ட் புலம்பியது. பட்டைக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

உயிர் தப்பியது. பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் போய்விட்டன, பேச்சு குழறியது, வயிறு வற்றிவிட்டது. எஸ்தர் இறால் கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பினாள். நாற்காலியில் உட்காரவைத்தால் அவன் வழுக்கி வழுக்கிக் கீழே விழுந்தான். அவள் பெல்ட்டை எடுத்து, அவனையும் நாற்காலியையும் சேர்த்துச் சுற்றினாள். அவன் வயிற்றுக்காகப் போட்ட கடைசித் துளை, இப்போது நாற்காலிக்கும் சேர்த்துச் சரியாக இருந்தது.

"நான் வார வரைக்கும் நீயாச்சும் புடிச்சுக்கோ" என்று பெல்ட்டிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"கொ... கொஞ்சம்... தளத்து" என்று குழறினான் வேதமுத்து.

அன்றுதான் பெல்ட் முதல்முறையாக மாட்டேன் என்றது.