தண்ணீர் கொண்டு போனவள்

இந்தியாவுக்காக எட்டு வருஷம் வேகப்பந்து போட்ட திலகவதிக்கு, கோச் ஆன பிறகுதான் ரத்தக்கொதிப்பு வந்தது. வெளிநாட்டு மைதானங்களில் வராத தலைவலியெல்லாம் சேலத்தில், இருபத்து மூன்று வயதுக்குட்பட்ட பெண்கள் அணியின் முகாமில் வந்து சேர்ந்தது.

அதில் பாதித் தலைவலிக்குப் பெயர் மாதேஸ்வரி.

நல்ல உயரம், நல்ல வேகம். பயிற்சியில் அவள் போடுவதைப் பார்த்தால் கண் நிறைந்துபோகும். மேட்ச் என்று வந்துவிட்டால் கோட்டைத் தாண்டிக் காலை வைப்பாள். நோபால். மறுபடியும் நோபால். போன இரண்டு ஆட்டங்களும் அப்படித்தான் கைவிட்டுப் போயின. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அணிப் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். இந்த வருஷம் பெயர் விட்டுப்போனால் மாதேஸ்வரிக்கு வயது தாண்டிவிடும். அப்புறம் சொந்த ஊர் தர்மபுரிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திலகவதி மனசில்லாமல் எஸ்தரைத் தேடிப் போனாள்.

எஸ்தர் அவளோடு இந்திய அணியில் இருந்தவள். இருந்தாள், அவ்வளவுதான். எட்டு வருஷம் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் சுமந்தாள். ஒரு மேட்ச்சும் ஆடவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் கல்லும் முள்ளுமான மைதானத்தில் பயிற்சி கொடுக்கிறாள். அங்கிருந்து ஏழு பெண்கள் மாநில அணிக்குப் போய்விட்டார்கள். பெரிய பெரிய கோச்சுகள்கூட வந்து அவளிடம் சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். திலகவதிக்கு அதுவே எரிச்சல்.

எஸ்தர் ஸ்டம்புகளைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. முகமே சரியில்லையே."

"எப்படி இருக்கும்? ஒரே விஷயத்தை எத்தனை தடவைதான் சொல்றது, எஸ்தர்? கோடு, கோடுன்னு கத்தி என் தொண்டை போச்சு. அந்தக் கழுதை நல்லாத் தலையை ஆட்டறா. மேட்ச்ல போய் அதையே பண்றா."

"பயிற்சியில?"

"அங்க ஒரு தப்பு கிடையாது. அதான் வயிறு எரியுது. வேணும்னே பண்றாளோன்னு இருக்கு."

"ம்."

"ம்னா? அவ பேரை அடிச்சிரலாமா, வேணாமா?"

"நாளையிலேர்ந்து வெள்ளி வரைக்கும் பிள்ளைங்களுக்கு நீங்க தண்ணி கொடுங்க. வாயைத் திறக்கக் கூடாது."

"யாரு, நானா?"

"நீங்கதான்."

"நான் கேட்டதென்ன, நீ சொல்றதென்ன? எண்பத்தி நாலு விக்கெட் எடுத்தவடி நான்."

"தெரியும்க்கா. எண்பத்தி நாலுக்கும் தண்ணி கொண்டாந்தவ நான்தானே."

புதன்கிழமை காலை திலகவதி வழக்கம்போல மாதேஸ்வரி ஓடத் தொடங்க வேண்டிய இடத்தை அளந்தாள். தன் காலால் பதினேழு எட்டு வைத்தாள். அங்கே மஞ்சள் பிளாஸ்டிக் தட்டை வைத்தாள். அதற்கு வாய் தேவையில்லை. மேட்ச் அன்றைக்கு என்றால் அதே இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை அதற்கு நேர் பின்னால் எல்லைக்கோட்டில் நிற்பாள். பயிற்சியில் மட்டும் மறுமுனையில், பேட்டிங் வலைக்குப் பின்னால் நின்று பந்து விழும் இடத்தைப் பார்ப்பாள். இன்று அதுவும் இல்லை. கையில் பாட்டில் கூடை.

பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மேடம் மௌன விரதமாம்டி."

"எத்தனை நாளைக்கு?"

"கடவுள் கண்ணைத் திறந்தா சீசன் முழுக்க."

திலகவதிக்குக் காதில் விழுந்தது. பாட்டிலை நீட்டினாள்.

வியாழக்கிழமை இடுப்பு வலித்தது. ஒருத்தி தோளைத் தொங்கவிட்டுப் பந்து போட்டாள். இன்னொருத்தி கண்ணெதிரே வந்த கேட்சை விட்டாள். திலகவதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மதியம் எஸ்தருக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று எடுத்தாள். பேசக் கூடாதே என்று வைத்தாள். அதற்கும் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை தட்டை அளந்து வைத்துவிட்டு, கூடையோடு பந்து வீசுகிறவர்கள் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தாள். மாதேஸ்வரி தட்டருகே நின்று, மறுமுனையில் பேட்டிங் வலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மேடம் இல்லை. உடனே ஷூ முனையால் தட்டை ஓரடி பின்னுக்குத் தள்ளினாள்.

திரும்பினாள். நாலடி தூரத்தில் திலகவதி, கையில் பாட்டிலோடு.

மாதேஸ்வரிக்கு முகம் வெளுத்துவிட்டது. திலகவதிக்கு மூன்று நாள் அடக்கி வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா, மேடம்."

"மேட்ச்ல?"

"அங்க பெயின்ட் அடிச்சிருப்பீங்க. பின்னாடியே நிப்பீங்க. அந்த இடத்துலேர்ந்துதான் ஓடுவேன்."

"அங்கிருந்து ஓடினா உன் கால் கோட்டைத் தாண்டுதே, தெரியலையா?"

"தெரியும், மேடம்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே, பிசாசே?"

"நீங்க அளந்து வச்சதாச்சே, மேடம்."

திலகவதி அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தாள். தன்னுடையதைவிட நீளம். பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தாள்.

சாயங்காலம் பட்டியலைக் கொடுத்துவிட்டு நேரே எஸ்தரிடம் போனாள்.

"பேரைச் சேர்த்துட்டேன்."

"சரிக்கா."

"இனிமே அவ இடத்தை அவளே அளந்துக்கட்டும்னுட்டேன்."

"சரிக்கா."

"என்னடி சரிக்கா, சரிக்கான்னு? இதெல்லாம் நீ எங்க கத்துக்கிட்ட? எட்டு வருஷத்துல ஒரு பந்து போட்டதில்லையே நீ."

"பார்த்துக்கிட்டிருந்தேன்."

"யாரை?"

"நிறைய நேரம் உங்களைத்தான்."

"என்னத்தைப் பார்த்த? என் கையையா, காலையா?"

எஸ்தர் கோணிப்பையின் வாயைக் கட்டினாள்.

"தண்ணி குடிச்சிட்டு பாட்டிலைத் திருப்பி நீட்டுவீங்க. கண்ணு பேட்டிங் பண்றவ மேலேயே இருக்கும். கை எப்பவும் நான் நிக்காத பக்கமாத்தான் நீளும்."

"கூப்பிட்டுச் சொல்றதுதானே?"

"எதுக்குக்கா? நான் சுத்தி வந்து வாங்கிக்குவேன்."