யார் மனமும் நோகாத இதழ்

லீக்டன்ஸ்டைன் கையளவு நாடு. அங்கே யாரைக் குறை சொல்லி எழுதினாலும் அவர் யாருக்காவது மச்சானாக இருப்பார். மாத இதழ் நடத்திய குவாடரருக்கு அதனால் ஓயாத தலைவலி. பக்கம் வடிவமைக்கும் ரெகுலாவைக் கூப்பிட்டு மிரட்டினார்.

"ஒருத்தர் மனசும் நோகாத இதழ் நாளைக்கு என் மேசையில இருக்கணும். இல்லாட்டி நீ வேலைக்கே வர வேண்டாம்!"

மறுநாள் மாதிரிப் பிரதியை நீட்டினாள். எல்லாப் பக்கமும் வெறும் வெள்ளை. அவருடைய தலையங்கம் மட்டும் இருந்தது.

குவாடரர் முகம் மலர்ந்தது. "என் எழுத்து மட்டும்தான் யாரையும் நோகடிக்கலையா?"

"ஆமாங்க ஐயா. நீங்க புதுசா எழுதித் தராததால, மூணு மாசமா இதையேதான் திருப்பித் திருப்பிப் போடறேன். ஒருத்தரும் கேக்கலை. நீங்களும்தான்."

குவாடரர் அப்போதுதான் தலைப்பைப் படித்தார்: 'அஞ்சாமல் எழுதுவோம்.'