ஆபத்து வந்தால்தான் விசில்

சங்குமுனைக் கிராமத்தில் கடலில் விழாதவர் யாருமில்லை. ஆனால் எல்லா விதிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து விழுந்தவர்கள் மூன்றே பேர்: கஸ்பார், அவன் தம்பி தொம்மை, அவர்களுடைய அத்தை மகன் இன்னாசி.

அவர்கள் விழுந்த நாளுக்கு மறுநாள் இன்னாசிக்கு எதிர்த் தீவில் கல்யாணம். மாப்பிள்ளை ஜம்மென்று வரட்டும் என்று மாமனார் தன் பாய்மரப் படகையே அனுப்பியிருந்தார். அந்த வாரம்தான் அரசாங்கத்திலிருந்து ஒரு மேடம் வந்து படகுப் பாதுகாப்பு வகுப்பு நடத்திவிட்டுப் போயிருந்தார். மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்கள். ஆளுக்கொரு மிதவைச் சட்டையும், மூவருக்கும் பொதுவாக ஒரு விசிலும் கிடைத்திருந்தன.

"எங்க போறோம்னு கரையில ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பணும்" என்றான் கஸ்பார்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பிச்சையாவிடம் சொன்னார்கள். "கல்யாணத்துக்கா? நானும் வர்றேன்" என்று அவர் ஏறிக்கொண்டார். இப்போது விஷயம் தெரிந்த ஆள் கரையில் இல்லை. ஆகவே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த மரியம்மையிடம் சொன்னார்கள். அவள் கூடையோடு ஏறினாள். இப்படியே ஒன்பது பேர் ஏறிய பிறகு, கரையில் மிஞ்சியது ஒரு நாய். அதனிடம் இரண்டு தடவை சொன்னார்கள். வாலை ஆட்டியது. சம்மதம்.

"காத்தைப் பார்த்துட்டுத்தான் பாய் விரிக்கணும்" என்றான் தொம்மை.

மூவரும் கண்ணைச் சுருக்கி நாலு திசையும் பார்த்தார்கள். இன்னாசியின் தலைத்துண்டு பறந்து கடலில் விழுந்தது.

"உனக்கு ஏதாவது தெரியுதா?" என்று இன்னாசியைக் கேட்டான் கஸ்பார்.

"ஒண்ணும் தெரியல மச்சான்."

"அப்ப காத்து இல்ல. விரி!"

பாதி வழியில் பன்னிரண்டு பேர் பாரத்தில் படகு ஒருபக்கம் சாய்ந்து தண்ணீரை மொள்ளத் தொடங்கியது. விசில் தொம்மையின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஊதுடா!" என்று கத்தினார் பிச்சையா.

"ஆபத்து வந்தாத்தான் ஊதணும். வந்துருச்சாண்ணே?"

கஸ்பார் குனிந்து பார்த்தான். "இன்னும் வரல. வந்துக்கிட்டு இருக்கு."

"வந்துக்கிட்டு இருக்கறது வேற, வந்தது வேற" என்றான் இன்னாசி. "சும்மா ஊதி நாலு பேரை அலைய விட்டா, நாளைக்கு எவன் மதிப்பான்?"

"முழங்காலுக்கு வந்துருச்சு, பாவிகளா!" என்று அலறினாள் மரியம்மை.

"அது தண்ணி அக்கா" என்றான் கஸ்பார். "நாங்க பேசுறது ஆபத்தைப் பத்தி."

கடைசியில் ஓட்டுக்கு விட்டார்கள். வந்துவிட்டது என்று ஒன்பது கைகள் உயர்ந்தன. வகுப்புக்கு வராதவர்களின் ஓட்டு செல்லாது என்றான் கஸ்பார். மிச்சம் மூன்று ஓட்டையும் எண்ணி முடித்து, ஏகமனதாக முடிவெடுத்துத் தொம்மை ஊதியபோது சத்தம் வரவில்லை. குமிழிதான் வந்தது.

எல்லாரும் தண்ணீரில். தொம்மைக்கு அப்போதும் ஒரு சந்தேகம். "அண்ணே, படகுல ஏறினதுலருந்து இறங்குற வரைக்கும் சட்டையைக் கழட்டக் கூடாதுன்னாங்க. இப்ப நாம இறங்கிட்டோமா?"

கஸ்பார் சுற்றிலும் பார்த்தான். "இறங்கிட்டோம்."

மூவரும் மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். மிதந்து போன அவற்றை மூச்சிரைத்துக்கொண்டிருந்த பிச்சையாவும் மரியம்மையும் இன்னொருவரும் பிடித்துக்கொண்டார்கள். நல்லவேளை, சங்குமுனைக்காரர்களுக்கு நீச்சல் யாரும் வகுப்பெடுக்காமலே வந்தது. மற்றவர்கள் கையைக் காலை அடித்துச் சமாளித்தார்கள்.

மாப்பிள்ளையைக் காணோமே என்று மாமனார் இன்னொரு படகில் தேடி வந்து, ஒவ்வொருவராக மேலே தூக்கிப் போட்டார். கடைசியாக ஏறிய இன்னாசி கைகட்டி நின்றான். மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மாப்பிள்ள, என் படகு எங்க?"

இன்னாசி பணிவாகக் கீழே கைகாட்டினான். "பத்திரமா இருக்கு மாமா. இனி என்ன புயல் அடிச்சாலும் அது மூழ்காது."